சாட்சியும் சாட்சியமற்றோரும்: எஸ்.ஏ. ஐயரின் போர்க்கால நினைவுநூல்

முன்னுரை

மும்பைத் தமிழர் எழுத்தைக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தமிழில் அமைந்த கதை, கவிதைகளையே எல்லையாகக் கொள்கின்றன. பம்பாய்த் தாக்கர் நிறுவனம் 1951இல் வெளியிட்ட எஸ்.ஏ. ஐயரின் 'அன்டூ ஹிம் எ விட்னஸ்' ஆங்கில நூலாதலின் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றுவிடுகிறது. பாசிச வல்லரசுகளின் எழுச்சியும் அவை மூட்டிய உலகப் போரும் தென்கிழக்காசியத் தமிழரைத் தாக்கிய காலத்தை நேரில் கண்டவரின் நூல் அது. அந்நூல் யாருக்காகச் சாட்சி சொல்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சாட்சி நின்ற இடம்

ராய்ட்டர் செய்தியாளராகப் பாங்காக் சென்ற ஐயர், 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த தற்காலிக அரசில் பிரசார அமைச்சரானார். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கிய பயணத்திலும், ஆகஸ்டில் போஸ் சைகோனில் இறுதியாக விமானம் ஏறிய வேளையிலும் உடனிருந்தார். செங்கோட்டை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பில் சாட்சியம் அளித்தார். பின்னர்ப் பம்பாய் அரசின் விளம்பரத் துறையில் பொறுப்பு வகித்தார்.

நூலின் தலைப்பே அதன் நோக்கைக் காட்டிவிடுகிறது. சாட்சியம் 'அவருக்கு', அதாவது ஒரு தலைவருக்கு. அத்தலைவர் 1942 மே மாதம் ஹிட்லரையும் 1943 ஜூனில் டோஜோவையும் சந்தித்தவர். பகைவனின் பகைவன் நண்பன் என்னும் அரசியல் கணக்கை அடிமை நாட்டின் நெருக்கடி கொண்டு விளக்கலாம். ஆனால் அக்கணக்கிற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பது தனிவினா. தலைவரை மையமாகக் கொண்ட நினைவுநூல் வடிவம் இவ்வினாவைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

இருப்புப்பாதை

சயாம்–பர்மா இருப்புப்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. நான்கே நாள்களில் தற்காலிக அரசு பிறந்தது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் கணிசமானோர். தோட்டத் தமிழருள் சிலருக்கு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதே அப்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பும் வழியாகவும் அமைந்தது. விடுதலை வேட்கையும் உயிரச்சமும் ஒரே மனிதரிடம் கலந்திருந்த இந்நிலையைத் தலைவர் புகழ் பாடும் நடையால் சொல்ல இயலாது.

புனைகதையின் சாட்சியம்

1938இல் மேடான் சென்று 1946இல் திரும்பிய ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலில் அதே போரை வேறு நிலையில் நின்று காண்கிறார். சப்பானியர் மேடானில் நுழைவதும், வெட்டுண்ட தலைகள் காட்சிக்கு வைக்கப்படுவதும் அங்கே மறைக்கப்படவில்லை. பாண்டியன் தேசிய இராணுவத்தில் சேர்கிறான். எனினும் ஐயம் அவனை விட்டு நீங்குவதில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' கூலிகளின் பக்கமே நிற்கிறது. அரசியல் நினைவுநூல் விட்ட இடத்தைப் புனைகதை நிரப்பியுள்ளது எனலாம்.

முடிவுரை

இவ்வேறுபாடு மும்பைக்கும் உரியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய மாதுங்காவில் ஆங்கிலக் கல்வியும் அலுவலகப் பணியும் வழியாக உயர்ந்த தமிழர் ஒருபுறம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட தமிழர் மறுபுறம். ஐயரின் நூல் முன்னவரின் மொழியில் வெளிவந்தது. இருப்புப்பாதையில் மாண்ட கூலியோ பின்னவரின் உறவினர் எனத்தக்கவர். ஆதலின் ஐயரின் நூலை ஒதுக்குவதும் தகாது. தனியே படிப்பதும் தகாது. சிங்காரத்தோடும் சண்முகத்தோடும் இணைத்துப் படிக்கும்போதே, வல்லாட்சியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் சுமை அதில் கையொப்பமிடாதோர் தோளில் இறங்கிய வரலாறு புலப்படும்.