விழாவும் ரிவாயத்தும்: விடுதலையின் 75-ஆம் ஆண்டுக் கொண்டாட்டங்களை முன்வைத்து

இந்திய விடுதலையின் 75-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி மத்திய அரசு வகுத்த 'விடுதலையின் அமிர்தப் பெருவிழா' 2021 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்தில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 15 வரை நீண்டது. தூர்தர்ஷனும் அகில இந்திய வானொலியும் அதில் முன்னின்றன. மஹல்லாக்களிலும் மத்ரஸாக்களிலும் நம்மவர்களும் கொடியேற்றினர், கூட்டம் நடத்தினர், மலர் வெளியிட்டனர். அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. அரசின் ஒலிபரப்பும் நம் மேடைகளும் எதைச் சொல்லின, எதை ஆதாரமாகக் கொண்டு சொல்லின என்பதை இப்போது நிதானமாக ஆராய முடியும்.

அரபு ஏடுகள் ஆண்டு நிறைவை 'திக்ரா' என்னும் சொல்லால் குறிக்கின்றன. நினைவு, நினைவூட்டல் என்பது அதன் பொருள். நினைவூட்டுபவர் செய்தி அறிவிப்பவரும் ஆகிறார். செய்தி அறிவிப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்துவிட்டனர். யாரிடமிருந்து கேட்டாய்? அவர் நம்பத்தக்கவரா? அறிவிப்பாளர் வரிசை அறுபடாமல் வருகிறதா? இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையில் இஸ்னாத் பற்றி இத்தனை விரிவாகப் பேசியதன் காரணத்தை நம் மாணவர்கள் நன்கறிவர். அதே கேள்விகளை விடுதலை வரலாற்றைச் சொல்வோரிடமும் கேட்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1997-இல் வந்த பொன்விழாவை முதலில் நினைவுகூர வேண்டும். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரின் பதிவு செய்யப்பட்ட குரல்கள் ஒலித்தன. பீம்சேன் ஜோஷி வந்தே மாதரம் பாடினார். லதா மங்கேஷ்கர் அல்லாமா இக்பாலின் பாடலைப் பாடினார். ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' இசைத்தொகுப்பு வெளிவந்ததும் அந்த ஆகஸ்டில்தான். அன்று வானொலியும் தொலைக்காட்சியும் அரசுத் துறைகளாகவே இருந்தன. 1990-இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் தன்னாட்சிக் கழகம் அமைந்தது. ஆக, பொன்விழாவை நடத்தியது அமைச்சகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த ஒலிபரப்பு. அமிர்தப் பெருவிழாவை நடத்தியது சட்டப்படி தன்னாட்சி பெற்ற ஒலிபரப்பு. சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் தனித் தேவைகளைக் கருத்திற்கொண்டு நிகழ்ச்சிகள் அளிப்பதும் இக்கழகத்தின் கடமைகளுள் ஒன்றென அச்சட்டமே கூறுகிறது. தன்னாட்சி வந்தபின் நம்மைப் பற்றிய பேச்சு விரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பும் நாம் அந்த ஒலிபரப்பில் இல்லாமல் இல்லை. உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கானின் ஷெனாய் ஒலிக்காத ஆகஸ்ட் 15-ஐ ஒரு தலைமுறை அறியாது. 2006-இல் அவர் மறையும் வரை தூர்தர்ஷனின் சுதந்திர தின ஒளிபரப்போடு அவ்வோசை பிரிக்க முடியாதபடி கலந்திருந்தது. ஆனால் வரலாற்றுப் பாத்திரமாக ஒரு முஸ்லிம் திரைக்கு வரும்போது நிலைமை மாறிவிடும். 1990-இல் ஒளிபரப்பான திப்பு சுல்தான் தொடர், இது கற்பனைப் படைப்பு என்னும் அறிவிப்போடுதான் நம் வீடுகளுக்கு வந்தது. அத்தொடர் ஒரு நாவலைத் தழுவியது என்பதால் அவ்வறிவிப்பில் தவறில்லை என்று வாதிடலாம். நானும் அதை ஏற்கிறேன். புராணங்களையும் செவிவழிக் கதைகளையும் தழுவிய பிற தொடர்களுக்கும் அதே கண்டிப்பு காட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி.

தூர்தர்ஷனின் சாதனை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்'. நேருவின் நூற்றாண்டை ஒட்டி 1988 நவம்பரில் தொடங்கிய அத்தொடர் 53 பகுதிகள் கொண்டது. அதில் நேருவாக வரும் பாத்திரம் கதையை நிறுத்தி விளக்கும், கேள்வி எழுப்பும், இப்படியும் சொல்கிறார்கள் என்று மாற்றுக் கருத்தையும் முன்வைக்கும். இது யார் கூற்று என்பதைப் பார்வையாளர் ஒருபோதும் மறக்க முடியாது. இராமனாகவும் கண்ணனாகவும் திப்புவாகவும் அதில் நடித்தவர் சென்னையில் பிறந்த சலீம் கௌஸ் என்ற ஒரே நடிகர். நம் மக்கள் அவரை 'வெற்றி விழா' படத்தின் வில்லனாகவே அறிவர். அமிர்தப் பெருவிழா நடந்துகொண்டிருந்த 2022 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அப்பெருவிழாவுக்கென 2022 ஆகஸ்ட் 14 முதல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஸ்வராஜ்' தொடருக்கு 75 பகுதிகள். வரலாற்றின் தேவையைவிட ஆண்டு விழாவின் எண்ணிக்கையே அதன் நீளத்தைத் தீர்மானித்தது. ராணி அப்பக்கா, திரோத் சிங், சித்து, கான்ஹு, ராணி கைதின்லியு என அதிகம் அறியப்படாதோரைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வீடுகளுக்குக் கொண்டுவர முயன்றதைப் பாராட்ட வேண்டும். விடுதலைப் போரின் தொடக்கத்தை 1857-லிருந்து வாஸ்கோட காமாவின் வருகைக்கு நகர்த்தியதும் நமக்கு உடன்பாடானதே. ஏனெனில் 1498 என்று தொடங்கினால் முதல் சாட்சியம் அரபு மொழியில் இருக்கிறது. பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' போர்ச்சுகீசியர் மலபாரில் செய்தவற்றை 1583 வரை பதிவு செய்கிறது.

துஹ்ஃபா சாமூதிரியின் ஆட்சியை மதிப்போடு பேசும் நூல். அந்தச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். பின்னர் சாமூதிரியே போர்ச்சுகீசியரோடு சேர்ந்து நான்காம் குஞ்ஞாலியை முற்றுகையிட்டு அவர்களிடம் ஒப்படைத்தார். 1600-இல் கோவாவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசனின் அரசியல் கணக்கு, தளபதியின் மிஞ்சிய செல்வாக்கு, அன்னியரின் தந்திரம் எல்லாம் கலந்த வரலாறு இது. மத ஒற்றுமையைப் பாடும் மேடைக்கும் இது பயன்படாது. மதப் பகையை வளர்க்கும் மேடைக்கும் பயன்படாது. விழாக்கள் இத்தகைய வரலாற்றைத் தொடுவதில்லை.

பெருவிழாக் காலத்தில் நடந்த வேறிரு செய்திகள் இன்னும் கவலைக்குரியவை. 2021 ஆகஸ்டில் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் தன் இணையதளத்தில் வெளியிட்ட விழாப் படத்தில் நேரு இல்லை. மௌலானா அபுல் கலாம் ஆஸாதும் இல்லை. நேரு விடுபட்டது நாடெங்கும் விவாதமானது. ஆஸாத் விடுபட்டதைப் பேசியோர் குறைவு. அது பல படங்களில் ஒன்றுதான் என்று கழகம் விளக்கம் தந்தது. அதை ஏற்றுக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் அதே மாதத்தில், அக்கழகம் அமைத்த மூவர் குழு, விடுதலைப் போரில் உயிர்நீத்தோர் அகராதியிலிருந்து 1921 மலபார் எழுச்சியைச் சேர்ந்த 387 பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது வெளியாயிற்று. ஆலி முஸ்லியார், வாரியன்குன்னத்துக் குஞ்ஞஹம்மது ஹாஜி ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். கேரள அரசு 1971-இலேயே விடுதலைப் போராளிகளாக ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றிய பரிந்துரை அது.

இதற்கு நம் மறுமொழி என்ன? மேடைகளைக் கவனித்தவர்கள் அறிவர்: பட்டியல். 'இன்குலாப் ஜிந்தாபாத்' ஹஸ்ரத் மோஹானி தந்தது. 'சைமனே திரும்பிப் போ' யூசுஃப் மெஹர் அலி தந்தது. 'ஜெய் ஹிந்த்' ஆபித் ஹஸன் தந்தது. ஊருக்கு ஊர் இதே வரிசை. இதன் பின்னால் ஒரு வலி இருக்கிறது. 2017-இல் உத்தரப் பிரதேசத்து மத்ரஸாக்கள் தம் சுதந்திர தின விழாவைக் காணொளியாகப் பதிவு செய்யுமாறு ஆணையிடப்பட்டன. தன் நாட்டுப்பற்றுக்குப் படப்பிடிப்புச் சான்று காட்ட வேண்டியவன் பட்டியலைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் பெயர் சொல்லி முடித்தவுடன் அந்த மனிதரை விட்டுவிடுகிறோம். ஹஸ்ரத் மோஹானியின் முழக்கம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, 1921-லேயே காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலை கோரி அவர் தோற்ற செய்தி தெரியாது.

இதைவிடக் கேடானது எண்ணிக்கை மோகம். டெல்லி இந்தியா கேட்டில் பொறிக்கப்பட்ட 95,000-க்கும் மேற்பட்ட விடுதலை வீரர்களின் பெயர்களில் 61,000-க்கும் மேல் முஸ்லிம் பெயர்கள் என்ற செய்தி நம் மேடைகளிலும் கைப்பேசிகளிலும் உலவுகிறது. பேச்சுப் போட்டிக்கு மாணவர்கள் எழுதிவரும் உரைகளிலும் இதைக் காண்கிறேன். எங்கே படித்தாய் என்றால் ஹஜ்ரத் ஒருவர் பயானில் சொன்னார் என்பார்கள். இந்தியா கேட் விடுதலை வீரர்களுக்கு எழுப்பப்பட்டதன்று. முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் நின்று உயிரிழந்தோருக்காக ஆங்கில அரசு எழுப்பி 1931-இல் திறந்தது. அதிலுள்ள பெயர்கள் ஏறத்தாழ 13,000. மூஸா (அலை) அவர்களின் படையினர் 6 லட்சம் என்ற மஸ்ஊதியின் செய்தியை, அத்தனை பேரை அந்நிலம் தாங்குமா, ஒரு போர்க்களம் கொள்ளுமா என்று கேட்டு மறுத்தவர் இப்னு கல்தூன். அவருடைய முகத்திமாவின் தொடக்கத்தை ஓதிக்கொடுக்கும் நாம், நம் காதில் விழும் எண்ணை அப்படியே ஏற்கிறோம்.

இதில் மறைந்திருக்கும் அவமதிப்பையும் காண வேண்டும். அப்படை உதுமானியக் கிலாஃபத்தை எதிர்த்து இராக்கில் போரிட்ட படை. அதே போர்க்காலத்தில் அந்தக் கிலாஃபத்தின் துணையோடு ஆங்கிலேயரை வெளியேற்ற முயன்றார் என்று ஹிஜாஸில் கைது செய்யப்பட்டு மால்டாவில் 1920 வரை சிறை வைக்கப்பட்டவர் தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்). பேரரசுக்காகப் போரிட்டோர் பெயரைக் காட்டி ஷைகுல் ஹிந்தின் வாரிசுகள் பெருமை கொள்வது விந்தை. பட்டுக் கடித இயக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆங்கில உளவுத் துறையின் கோப்புகள் உள்ளன. மௌலானா முஹம்மது மியான் அவற்றை உர்தூவில் தொகுத்தார். சிறையில் உடனிருந்த மௌலானா ஹுஸைன் அஹ்மது மதனியின் மால்டா நினைவுக் குறிப்புகள் உள்ளன. 2013-இல் இந்திய அரசு அவ்வியக்கத்துக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டது. இத்தனையும் இருக்க, ஸனத் இல்லாத செய்தி எதற்கு? 387 பெயர்களை நீக்காதே என்று வாதாடப் போகிறவன் கையில் இந்தியா கேட் கதையும் இருந்தால், எதிர்வாதி முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவான்.

தமிழகத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனிக்கு ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய் வாரி வழங்கினார் என்று பேசுகிறோம். அவர் வாரி வழங்கவில்லை. தலா 25 ரூபாய் வீதம் 8,000 பங்குகள் வாங்கினார். 1906-இல் 10 லட்சம் மூலதனத்துக்குத் திட்டமிடப்பட்ட கம்பெனியில் அது ஐந்தில் ஒரு பங்கு. வணிகர் ஒருவர் தம் முதலை வெள்ளையரின் கப்பல் கம்பெனிக்கு எதிராக வைத்தார் என்பது வள்ளன்மையைவிடக் கூர்மையான செய்தி.

மலபாருக்குத் திரும்புவோம். அவ்வெழுச்சியின்போது இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாய மதமாற்றங்கள் நிகழ்ந்ததும் மறுக்க முடியாதவை. மார்க்கம் அனுமதிக்காத அச்செயல்களை மறைத்துவிட்டு ஆலி முஸ்லியாருக்காகப் பேசுவது நேர்மையன்று. எதை யார் செய்தார், எந்த வழக்கில் எந்தச் சாட்சியத்தின் மேல் தண்டிக்கப்பட்டார் என்று ஒவ்வொருவராகப் பிரித்தறிவதே அவருக்கும் செய்யும் நீதி, பாதிக்கப்பட்டோருக்கும் செய்யும் நீதி. 387 பேரை ஒரே வரியில் அடிப்பதும் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் ஷஹீதுகள் என்பதும் அந்த உழைப்பைத் தவிர்க்கும் வழிகளே.

இது அயல்மாநில வரலாறும் அன்று. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் மாவட்டம். 1921 நவம்பரில் திரூரில் சரக்கு வாகனில் அடைக்கப்பட்ட கைதிகளில் 60-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டனர். அதன் கதவு திறக்கப்பட்டது போத்தனூர் நிலையத்தில். ஆலி முஸ்லியார் 1922 பிப்ரவரி 17 அன்று தூக்கிலிடப்பட்டது கோயம்புத்தூர்ச் சிறையில். இரண்டு நிகழ்வுகளுக்கும் நூறாண்டு நிறைந்தது பெருவிழாக் காலத்திற்குள்தான். வாகன் சாவுகளை விசாரிக்க நாப் தலைமையில் குழு அமைத்தது சென்னை அரசு. எழுச்சியைப் பற்றிக் காவல்துறை அதிகாரி ஹிட்ச்காக் எழுதிய நூலை 1925-இல் அச்சிட்டதும் சென்னை அரசு அச்சகமே. அம்மாகாண அரசின் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அரபியும் ஆங்கிலமும் படித்து, அரபு மலையாளத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க முதுகலை மாணவர்கள் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.