தந்தி, பியானோ, மின்னொலி: சோக இசையின் பாணிகளும் அளவுகோலும்

மேலைச் செவ்வியல் இசையில் ஒரு கிளை சோகத்தையே பிரதான ரசமாகக் கொண்டு வளர்ந்திருக்கிறது. வயலினும் செலோவும், பியானோவும், அடியில் மெலிதாக மின்னணு ஒலியும் இதன் அடையாளங்கள். இந்த வகையில் இன்று ஆல்பங்கள் குவிகின்றன. எது சரக்கு, எது சாயல் என்று பிரித்தறிய இதன் பாணிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வேர் எஸ்டோனியாவிலும் போலந்திலும் இருக்கிறது. ஆர்வோ பார்ட் 1976இல் 'ஃபூர் ஆலினா' என்ற சிறிய பியானோ உருப்படியை எழுதினார். ஒரு கை மெட்டில் நடக்க, மறு கை மூன்றே ஸ்வரங்களுக்குள் நின்றுவிடும். அதே ஆண்டில் ஹென்ரிக் குரெட்ஸ்கி எழுதிய மூன்றாம் சிம்பொனி, 1992இல் வெளிவந்த ஒலிப்பதிவு மூலம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. குறைந்த ஸ்வரம், நீண்ட காலப்பிரமாணம் என்ற இலக்கணம் இவர்கள் தந்தது. மின்னணு ஒலி பின்னால் வந்து சேர்ந்தது.

அதைச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் மாக்ஸ் ரிக்டர். இத்தாலியில் இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பாடம் கேட்டவர். இராக் போரை எதிர்த்து அவர் செய்த 'தி ப்ளூ நோட்புக்ஸ்' 2004இல் வந்தது. அதில் எழுத்தாளர் காஃப்காவின் குறிப்பேடுகளிலிருந்து நடிகை டில்டா ஸ்வின்டன் வாசிக்கிறார். கூடவே தட்டச்சுப் பொறி தட்டும் சத்தம். அந்த ஆல்பத்தின் 'ஆன் தி நேச்சர் ஆஃப் டேலைட்' என்ற உருப்படியில் கீழ்த்தந்திகள் ஒரே ஸ்வரக்கட்டுகளைச் சுற்றிச்சுற்றி வாசிக்கின்றன. அதன்மேல் ஒரு வயலின் ஏறுகிறது. பிறகு இன்னும் உயரத்தில் மற்றொரு இழை. அடித்தளம் அசையாததால்தான் மேலே வருவது நெஞ்சைப் பிடிக்கிறது.

ஐஸ்லாந்துப் பாணிக்கு யோஹான் யோஹான்சன் சான்று. அவருடைய தந்தை ஐ.பி.எம். 1401 கணினியைப் பராமரித்த பொறியாளர். கணினி ஓடும்போது எழும் மின்காந்த அலைகளை வானொலிப் பெட்டியில் பிடித்து, அதிலேயே மெட்டமைத்து, நாடாவில் பதிந்து வைத்தார். மகன் அந்த நாடாவைச் சுற்றி தந்தி ஆர்கெஸ்ட்ரா எழுதி, 2006இல் ஆல்பமாக்கினார். ஓய்வுபெற்ற இயந்திரத்துக்கு இரங்கற்பா.

பெர்லினின் நீல்ஸ் ஃப்ராம் வழி வேறு. இரவில் அண்டைவீட்டாரை எழுப்பாதிருக்க, பியானோ தந்திகளுக்கும் சுத்தியல்களுக்கும் இடையே கம்பளித் துணி வைத்து, ஒலிவாங்கியை உள்ளே நெருக்கி வைத்தார். மரம் முனகுவதும் அவர் மூச்சும் 2011இல் வந்த 'ஃபெல்ட்' ஆல்பத்தில் கேட்கும்.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மைனர் ஸ்வரக்கட்டும் தாராளமான எதிரொலியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்பவரைக் கண் கலங்கவைத்துவிடலாம். மின்னொலியையோ ஒலிப்பதிவு உத்தியையோ நீக்கினால் உருப்படிக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி. யோஹான்சனின் நாடாவை எடுத்துவிட்டால் அந்தச் சோகத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். ஃப்ராமின் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தால் அந்த நெருக்கம் கலைந்துவிடும். பின்வந்த பலருடைய ஆல்பங்களில் மின்னொலியை எடுத்தாலும் குறை தெரியாது. அங்கே அது வெறும் பூச்சு.