சாளரத்தை எட்டாத கூட்டம்

போலந்து என்னும் நாடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பிய வரைபடத்தில் இல்லாதிருந்தது. 1772 முதல் 1795 வரை மூன்று தவணைகளில் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய பேரரசுகள் அதைக் கூறுபோட்டுக் கொண்டன. 1794, 1830, 1863 ஆகிய ஆண்டுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஒவ்வொரு முறையும் முறியடிக்கப்பட்டனர். 1863இன் கிளர்ச்சி மூண்டபோது எட்டு வயதுச் சிறுவராயிருந்தவர் யாட்செக் மால்செவ்ஸ்கி (1854–1929). அவர் 1890 முதல் 1894 வரை வரைந்து முடித்த ‘மெலன்கோலியா’ இன்று போஸ்னான் நகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓவியத்தில் நாம் காண்பது ஓவியரின் பணியறை ஒன்றையே. இடப்பக்கத்து உட்கோடியில் ஓவியர் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறார். அவர் முன்னுள்ள திரையிலிருந்து ஒரு மக்கள் வெள்ளம் பெருகி வருகிறது. முதலில் சிறுவர், அடுத்து ஆயுதமேந்திய இளைஞர், இறுதியில் தளர்ந்த முதியோர். வலக்கோடியில் சாளரம், அதற்கப்பால் வெயிலில் குளித்த பசுந்தோட்டம். சாளரத்தருகே கறுப்பாடை போர்த்த ஒரு பெண். வெள்ளம் அவ்விடத்தை நெருங்க நெருங்க வலுவிழந்து சரிகிறது. தோட்டத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

இதற்கு உரை கூறுவோர் பலர், ‘கறுப்பாடைப் பெண் துயரம், தோட்டம் விடுதலை, கூட்டம் தேசம்’ என்று பட்டியல் தந்து அமைந்துவிடுகின்றனர். பட்டியல் பிழையன்று, ஆனால் போதாது. பொருள் தெரிந்தவுடன் ஓவியத்தை மறந்துவிடலாம் என்றால் அதை வரைந்திருக்கவே வேண்டியதில்லை.

இங்கே அரபு அணியிலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. ‘மேடைமீது ஒரு சிங்கத்தைக் கண்டேன்’ என்பது ‘இஸ்திஆரா’. மேடையில் நின்றவர் வீரர். சிங்கம் அங்கே இல்லை. ‘அவர் வீட்டில் சாம்பல் மிகுதி’ என்பது ‘கினாயா’. விருந்தினர் மிகுதி, ஆகவே அடுப்பு ஓய்வதில்லை, ஆகவே அவர் வள்ளல் என்பது குறிப்பு. ஆனால் சாம்பலும் அங்கே மெய்யாகவே குவிந்து கிடக்கலாம். முன்னதில் நேர்ப்பொருள் விலகினால்தான் உட்பொருள் வரும். பின்னதில் இரண்டும் சேர்ந்தே நிற்க இயலும்.

மால்செவ்ஸ்கியின் குறியீடு இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பது நம் துணிபு. அந்தச் சாளரம் முதலில் சாளரமே. அந்த வெயில் வெயிலே. தரையில் விழும் ஒளியைக் கண்டவுடன் ‘வெளியே போகலாமே’ என்று நம் உள்ளம் சொல்கிறது. போகாதவர்களைக் கண்டு வருந்துகிறது. உணர்ச்சி இங்கேதான் பிறக்கிறது. தேசமும் விடுதலையும் அதன் பின்னரே நினைவுக்கு வருகின்றன. வழிமறிக்கும் பகைவர் படையையும் ஓவியர் வரையவில்லை. வரைந்திருந்தால் நமக்குச் சினம் பிறந்திருக்கும்; துயரம் பிறந்திராது.

‘மெலன்கோலியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கரும்பித்தம் என்பது பொருள். கறுப்பாடை அச்சொல்லின் நிறமே. இச்சொல் அரபு மருத்துவத்திலும் வழங்கியது. கைரவான் நகரத்து மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்நோயைப் பற்றித் தனிநூலே இயற்றினார். அருமைப் பிள்ளையை இழப்பதும், மீண்டும் கிட்டாத நூல்களை இழப்பதுங்கூட இந்நோய்க்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. இழப்பு தரும் துயரம் இயல்பு. அது முற்றி, எழுந்து நடக்கும் விருப்பத்தையே தின்றுவிடும்போது நோயாகிறது. நாட்டை இழந்த மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே என்கிறது இவ்வோவியம். திரையிலிருந்து புறப்படும்போது அவர்களிடம் வேகம் இருக்கிறது. சாளரத்தை அடைவதற்குள் ஒரு வாழ்நாள் முடிந்துவிடுகிறது.

குறை இல்லாமலில்லை. கூட்டம் நெருக்கமாகையால் தனி முகங்கள் மனத்தில் நிற்பதில்லை. நீண்ட காம்புடைய புல்லரிவாள்களைச் சிலர் ஏந்தியிருப்பது ஏனென்று அயலாருக்கு விளங்காது. 1794இல் உழவர்கள் அவற்றையே படைக்கலமாக்கிப் போரிட்டனர் என்று யாரேனும் சொன்னால்தான் விளங்கும். ஆனால் சரியும் உடலுக்கு உரையாசிரியர் தேவையில்லை. இவ்வோவியத்தில் எது வலியது, எது மெலியது என்பதற்கு இவ்வேறுபாடே அளவுகோல்.

1918இல் போலந்து விடுதலை பெற்றது. அதைக் கண்ட பின்னரே ஓவியர் மறைந்தார். ‘தோட்டம் விடுதலை’ என்ற பட்டியலே முழுப்பொருளாயின், அந்த ஆண்டோடு இவ்வோவியம் பழங்கணக்காகி இருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. வழி எதிரே தெரிந்தும் கால் எழாத நிலை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அந்தத் தலைகவிழ்ந்த ஓவியரையும் சேர்த்தே பாருங்கள். தம் திரையிலிருந்து புறப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாம்தான் பார்க்கிறோம்.