அயர்லாந்தில் யார் தோற்றார்கள்?

2015 மே மாதம் அயர்லாந்து மக்கள் 62 சதவீத வாக்குகளோட தன்பாலினத் திருமணத்தை ஏற்றார்கள். வத்திக்கானின் கர்தினால் பரோலின் அதை மனிதகுலத்தின் தோல்வி என்றார். ரொம்பப் பெரிய வார்த்தை. எந்தப் பாதிரியாரும் அப்படியொரு திருமணத்தை நடத்தி வைக்கணும்னு அங்கே சட்டம் சொல்லவேயில்லை.

1995-ல விவாகரத்துக்கும் இதே எதிர்ப்புதான். ஏறக்குறைய 9,000 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. திருச்சபை இன்னைக்கும் விவாகரத்தை ஏற்பதில்லை. விவாகரத்தானவர்களுக்கு மறுமணம் செய்துவைன்னு எந்த அரசும் அதை நெருக்கவுமில்லை. இருபது வருஷம் ஓடிப் பார்த்த ஏற்பாடு இது. அப்புறம் எதுக்கு அதே பயம்?

'வேண்டாம்' என்று வாக்களித்த டப்ளின் பேராயர் டயர்முட் மார்ட்டினே, சபை நிஜத்தைப் பார்க்கணும்னு முடிவு வந்த அன்றே சொன்னார். ரோமில் அது காதில் விழுந்ததாகத் தெரியலை.