ஆராச்சியின் கையில் இருந்த சீட்டு

லெனார்ட் வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியவர். 1913ஆம் ஆண்டு வெளிவந்த 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்னும் அவரது நாவலைக் காட்டின் கொடுமை கூறும் கதையாக வாசிப்பதே பெருவழக்கு. காட்டின் கொடுமை அதில் உண்டு; ஆயினும் பெத்தேகம என்ற ஊரை அழித்தது காடு மட்டுமன்று.

1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கொண்டது. அதன் பயனாய், சேனை வெட்டி உண்பவன் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பவனானான். அச்சீட்டு அவனை வந்தடையும் வழியில் நின்றவன் ஊர்த் தலைமைக்காரன். சிலிந்துவுக்கும் அவன் மருமகன் பபுனுக்கும் எதிராக ஆராச்சி பாபெஹாமி எடுக்கும் ஆயுதம் இதுவே. அரசாங்கத்தின் கட்டளை என்று கூறிச் சேனையை மறுக்கிறான்; கடன் கொடுக்கும் பெர்னாண்டோ அவன் பக்கம் நிற்கிறான். அடுத்து வருவது பொய்க் களவு வழக்கு. தமக்கு விளங்காத மொழியில் நடக்கும் விசாரணையில் இருவரும் திகைத்து நிற்கும் காட்சி நாவலின் உச்சங்களுள் ஒன்று. வெள்ளையன் ஒருவனும் அவ்வூரில் குடியிருந்ததில்லை. ஆயினும் அவனது ஆட்சி அங்கே முழுமையாக நடந்தது.

இறக்காமம் போன்ற நெல்வயல் ஊர்களின் வாசகருக்கு இவ்வமைப்புப் புதியதன்று. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் (1855–1860) இறக்காமக் குளம் திருத்தப்பட்டது. மட்டக்களப்புப் பகுதியில் வன்னியனார், உடையார், விதானை என அதிகாரம் படிப்படியாக இறங்கி ஊரை அடைந்தது. ஆனால் வயற்காரியம் பார்த்த வட்டைவிதானை, தானும் அதே வாய்க்கால் நீரை நம்பியவன். அண்டை வயற்காரரின் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டியவன். சேனைக்காட்டு ஆராச்சிக்கு அத்தகைய கட்டு இல்லை. அவன் அஞ்ச வேண்டியது மேலிடத்துக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை வூல்ப் ஆராயவில்லை. பாபெஹாமியின் கெட்ட குணமாகவே அனைத்தையும் காட்டுகிறார்.

குறை இதனோடு நிற்கவில்லை. இரு கொலைகளின் பின் சிலிந்து ரட்டே மகாத்மயாவிடம் சரணடைகிறான். அவரோ அவனை விலங்காகக் காண்கிறார். வெள்ளை நீதவான் மனிதனாகக் காண்கிறார். கலைநயம் மிக்க பகுதிதான். ஆனால் இரங்குபவர் வெள்ளையராகவும் இழிப்பவர் சுதேசியாகவும் அமைந்தமை தற்செயலன்று. இழிப்பவரை அப்பதவியில் அமர்த்தியது இரங்குபவரின் அரசாங்கமே. தாம் வகித்த ஆசனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வூல்ப் பாதித் தூரமே வந்தார். அக்காலத்து ஆங்கில அதிகாரிகளுள் அத்தூரம் வந்தவரும் மிகச் சிலரே.

தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து கிராமசேவகர் வந்தனர். சீட்டுக்காகக் காத்திருக்கும் வரிசை மட்டும் அலுவலக வாசலுக்கு இடம் மாறியது.