புகாரின் இரு பாக்கங்களும் அந்நிய முதலீடும்

நம் சங்க மேடைகளில் அந்நிய முதலீடு பற்றி யார் பேசினாலும் புகாரில்தான் தொடங்குகிறார்கள். யவனர் வந்தார்கள், பொன் வந்தது, நாடு செழித்தது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிலம்பின் இந்திரவிழவூரெடுத்த காதையில் அந்நகரம் இரண்டு பாக்கமாகக் கிடக்கிறது. யவனர் இருக்கையும், நெய்வோர், கொல்லர், மீன் விற்போரும் கடலோர மருவூர்ப்பாக்கத்தில். அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் பட்டினப்பாக்கத்தில். மருவூரிலும் பொன்கடை இருந்ததே என்பீர்கள். கடை இருந்தது சரி, மாடத் தெரு எந்தப் பக்கம்?

நான் மான்குர்த்தில் பாத்திரக்கடைக்காரன். கல்லாவில் விழுந்த பணமெல்லாம் லாபமல்ல என்று தெரியும். 2019 வரை அந்நிய முதலீட்டுக் கணக்கை ரிசர்வ் வங்கியின் வட்டார அலுவலகவாரியாகத்தான் வெளியிட்டார்கள். தலைமை அலுவலகம் மும்பையில், ஆலை வேறெங்கோ என்றாலும் தொகை மும்பைப் பெயரில் ஏறும். அப்படி மும்பை முதலிடத்தில் நின்ற நாளில்தான், 2009இல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, மான்குர்த் அடங்கிய எம் கிழக்கு வார்டுக்கு 0.05 மதிப்பு போட்டது. எல்லா வார்டுகளிலும் அதுவே கடைசி.

முதலீடே வேண்டாம் என்பவனல்ல நான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின், சுற்றியிருந்த உதிரிபாகக்காரர்கள் பழுதில்லாத சரக்கை நேரத்துக்குக் கொடுக்கப் பழகினார்கள். உற்பத்தித்திறன் என்பது அதுதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைப் பாருங்கள். 2006இல் தொடங்கி, வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாப்டுக்கு விற்ற சொத்தில் சேராமல் நின்றுபோய், 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையில் வேலை நுணுக்கம் மிஞ்சியது, வேலை மிஞ்சவில்லை. திறன் உயர்ந்தால் கூலியும் தானே உயரும் என்று எழுதும் பொருளாதார ஆசிரியர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வந்தவாசிக்குப் பக்கத்திலுள்ள செய்யாறு சிப்காட்டில் தைவான் கம்பெனியின் ஷூ ஆலை இருக்கிறது. சுற்றுவட்டாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போய்வருகிறார்கள். மாதச் சம்பளத்தை முதல்முதலாகத் தன் கையில் வாங்கிய பெண்ணின் நிமிர்வை நானே பார்த்திருக்கிறேன். அதே சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று மேல்மாவில் 2023இல் போராடிய விவசாயிகளில் சிலர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. சொந்தத்தில் ஒரு வீடு. மகள் விடியுமுன் ஷூ ஆலை பஸ் ஏறுகிறாள். அப்பா, சிட்டா அடங்கலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "இந்த மூணு ஏக்கரையும் எடுத்துக்குவாங்களா?" என்று என்னிடம் போனில் கேட்கிறார்.