காப்புறுதிப் பத்திரத்தை யார் வாசிப்பது?

மலேசியத் தமிழ்ப் புனைவில் இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று தோட்டத்து லயம். இன்னொன்று தாமான் வீடு. முதல் வீட்டைப் பற்றி நாம் எழுதித் தீர்த்துவிட்டோம். பலகைச் சுவர், தகரக் கூரை, பின்கட்டுக் கோழிக்கூடு எல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டாவது வீட்டில்தான் இன்று நம்மில் பெரும்பாலானோர் வாழ்கிறோம். ஆனால் கதைக்குள் வரும்போது அது வெறும் முகவரியாகத்தான் வருகிறது. கதாபாத்திரம் கதவைத் திறந்து உள்ளே போகிறது, நாற்காலியில் உட்கார்ந்து தோட்டத்தை நினைத்துக்கொள்கிறது. அந்தக் கதவுக்கு மாதாமாதம் தவணை கட்டுவது யார், கடன் பத்திரம் எந்த அலமாரியில் கிடக்கிறது, வெள்ளம் வந்தால் அந்தச் சுவருக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது. வீட்டுக் காப்புறுதி என்ற காகிதத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். ‘இது இலக்கியப் பத்திரிகைதானே, ஏஜண்டு வேலை பார்க்க வந்துட்டியா?’ என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்கவும்.

மலாக்காவிலிருந்து தொடங்குவது பொருத்தம். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது இங்கேதான். 1896இல், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான். அதன்பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின, லயங்கள் எழுந்தன. அந்த லயங்களில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஒரு பலகைகூட நம்முடையதில்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் வீடும் கைமாறும். வெள்ளம் வந்தால் நனைந்தது நம் துணியும் அரிசியும். சுவரும் கூரையும் கம்பெனிக்காரனுடையவை. ஆகவே நம் இழப்புக்கு அன்று ஒரு தெளிவான முகம் இருந்தது. துரை, கிராணி, கங்காணி. யாரைத் திட்டுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

நம் நாவல்களின் பலம் அந்த முகத்திலிருந்து வந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லில் ஜப்பானியன் இருந்தான். கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பா’ட்டில், பகாங்கில் ஆட்களை அடைத்துவைத்து உழைப்பைச் சுரண்டியவர்கள் இருந்தார்கள். எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். அதனால் கதைக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது.

தாமான் வீட்டில் எதிரி யார்?

ஜாசின் பக்கம் ஒரு தாமானில் உறவினர் வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. பிறப்புப் பத்திரம், நீல நிற அடையாள அட்டையின் நகல், மகளின் பள்ளிச் சான்றிதழ், அதற்கடியில் ஒரு மடித்த காகிதம். “வீட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்குப்பா, பேங்கே போட்டுட்டான்” என்பார் மாமா. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் அது அடிப்படைத் தீக் காப்புறுதி. தீ, மின்னல், வீட்டுச் சமையல் வாயு வெடிப்பு. அவ்வளவுதான். “மாமா, இதுல தண்ணி இல்ல” என்று சொன்னால், “அப்ப மாசாமாசம் கட்டுறமே, அது என்னா?” என்று கேட்பார். அவர் சொல்வது பெரும்பாலும் கடன் தவணையை, அல்லது எம்.ஆர்.டி.ஏ.வை. எம்.ஆர்.டி.ஏ. என்பது கடன் வாங்கியவர் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கினால் கடன் பாக்கியை அடைப்பது. மாமா செத்தால் வீடு கடனிலிருந்து பிழைக்கும். வீடு செத்தால் மாமாவுக்கு ஒன்றும் கிடையாது.

வெள்ளத்துக்கு வேறு பத்திரம் வேண்டும். தீக் காப்புறுதியோடு கூடுதல் பணம் கட்டி வெள்ளத்தைச் சேர்க்கலாம். அல்லது வீட்டு உரிமையாளர் காப்புறுதி என்ற விரிந்த ஒன்றை வாங்கலாம். அதுவும் கட்டடத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் ஐஸ்பெட்டி, கட்டில், டிவிக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி என்று இன்னொன்று. வாசலில் நிற்கும் காருக்கு அதன் சொந்தப் பத்திரத்தில் வெள்ளத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரே தண்ணீர், ஒரே இரவில், ஒரே வீட்டுக்குள் வருகிறது. காகிதத்தில் அது மூன்று நான்கு தண்ணீராகப் பிரிந்துவிடுகிறது.

அந்த விரிந்த பத்திரத்தின் பட்டியலை இலக்கிய வாசகர் ஒருமுறையாவது படிக்க வேண்டும். தீ, மின்னல், இடி, நிலத்தடி நெருப்பு, மேலிருந்து விழும் விமானம், சூறாவளி, புயல், நிலநடுக்கம், எரிமலை, வெள்ளம். மலாக்காவில் எரிமலை ஏது? புயல்கூட இந்த வட்டாரத்துக்கு அபூர்வம். 2001 டிசம்பர் 27இல் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியபோது, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயலா என்று வானிலை ஆய்வாளர்களே வியந்தார்கள். உலகத்தின் அத்தனை பேரழிவுகளையும் வரிசையாகச் சொல்லும் அந்தப் பட்டியலில் ஒரு காவியத் தொனி இருக்கிறது. ஆனால் மண் சரிவும் நிலம் உள்வாங்குவதும் பொதுவாக அதில் சேராது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நமக்கு எட்டாத எரிமலை உள்ளே இருக்கிறது, மேட்டுத் தாமானில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு வெளியே நிற்கிறது.

வெள்ளம் என்ற சொல்லும் அங்கே சுருங்கிப்போகிறது. பழந்தமிழில் அது ஒரு பேரெண்ணின் பெயர்கூட, எண்ணி முடியாதது. பத்திரத்தில் வெள்ளம் என்றால் வழக்கமான தடத்தை மீறி ஓடிய ஆற்று நீர், வாய்க்கால் நீர், உடைந்த பொதுக் குழாயின் நீர், கட்டடத்துக்கு வெளியிலிருந்து வந்து தேங்கிய நீர். அப்படியானால் கூரையின் பழைய விரிசல் வழியே ஒழுகி மெத்தையை நனைத்த மழை? அது வெள்ளமில்லை. மனிதருக்கு அது ஒரே மழை. பத்திரத்துக்கு நீரின் மூலம்தான் முக்கியம். நாம் கவிதையில் படிமத்தை ஆராய்வதைவிடக் கறாராக அது நீரை ஆராய்கிறது.

தமிழ்நாட்டில் இதைக் ‘காப்பீடு’ என்கிறார்கள். நாம் ‘காப்புறுதி’ என்கிறோம். இரண்டில் நம் சொல்தான் அதிகம் வாக்குக் கொடுக்கிறது. ‘ஈடு’ என்பது போனதற்குச் சமமாக ஒன்றைத் தருவது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது, பேரத்துக்கு இடமிருக்கிறது. ‘உறுதி’யில் பேரம் கிடையாது. சொல் தரும் உறுதியைக் காகிதம் தருவதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். இடிந்த வீட்டை மறுபடி கட்ட 200,000 ரிங்கிட் ஆகும், ஆனால் காப்புறுதி 100,000 ரிங்கிட்டுக்குத்தான் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரிங்கிட் சேதம் வந்தால் முழுதும் கிடைக்காது. சராசரி விதிப்படி பாதி, அதாவது 20,000. பாதிக்குத்தானே காப்புறுதி எடுத்தாய், மீதிப் பாதிக்கு நீயே காப்பாளன் என்பது அதன் தர்க்கம். பல வருஷத்துக்கு முன் போட்ட தொகையை அப்படியே புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள், சிமெண்டும் கூலியும் ஏற ஏறத் தங்களுக்கே தெரியாமல் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

2021 டிசம்பர் மத்தியில் சிலாங்கூர் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2022 புத்தாண்டையொட்டி மலாக்காவிலும் அலோர் காஜா, ஜாசின் பகுதிகளில் தண்ணீர் ஏறியது. மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். அந்த வெள்ளக் காலத்தில் நாடு முழுதும் ஏற்பட்ட இழப்பை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசின் கருணைத் தொகை 1,000 ரிங்கிட். ‘ஆயிரம் வெள்ளி குடுத்தாங்க’ என்று சொல்லும்போது நம் ஆட்களின் குரலில் நன்றியும் கசப்பும் ஒன்றாக இருக்கும். அந்தக் குரலை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் உண்மையான இழப்புக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை எழுதியவர்கள், நான் வாசித்த அளவில், அபூர்வம்.

பள்ளம் இனி எப்படி அகலும் என்பதற்கு அமெரிக்கக் கடற்கரையைப் பார்க்கலாம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கிய பிறகு பல காப்புறுதி நிறுவனங்கள் திவாலாயின. தனியார் விலகிய இடத்தை நிரப்ப 2002இல் மாநிலமே சிட்டிசன்ஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. கடைசிப் புகலிடமாக நினைத்துத் தொடங்கியது, பிறகு அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனமாகவே ஆகிவிட்டது. 2005இல் கத்ரீனா வந்தபோது வேறொரு நாடகம். அங்கே வழக்கமான வீட்டுக் காப்புறுதி காற்றுச் சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. வெள்ளத்துக்கு 1968இல் தொடங்கிய தனி அரசுத் திட்டம் உண்டு, அதில் சேர்ந்திருக்க வேண்டும். மிசிசிப்பிக் கரையில் வீடுகள் அடியோடு போய் வெறும் சிமெண்டுத் தளம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தளத்தில் நின்றுகொண்டு, வீட்டைக் கொண்டுபோனது காற்றா தண்ணீரா என்று வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். வீடு இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருக்கும்.

நம் நாட்டில் தீக் காப்புறுதிக்குப் பல காலம் எல்லாருக்கும் பொதுவான கட்டண அட்டவணை இருந்தது. 2016 ஜூலையிலிருந்து அது படிப்படியாகத் தளர்த்தப்படுகிறது. ஆபத்துக்கு ஏற்ற விலை என்பது கொள்கை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆற்றோரத் தாழ்நிலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வீடு வாங்கியவர் யார்? தோட்டத்திலிருந்து வெளியேறியபோது கையிலிருந்த தொகைக்கு மேட்டில் வீடு கிடைத்திருக்குமா? ஏழ்மை அவரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு இனி அவரிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்படும். கட்ட முடியாதவர் பத்திரத்தைக் கைவிடுவார். புதிய எதிரி இப்படித்தான் வருகிறான். அவனுக்கு முகம் கிடையாது, கெட்ட எண்ணம்கூடக் கிடையாது. கணக்குப் போடுகிறான்.

இந்த இடத்தில்தான் இலக்கியம் வருகிறது. அமிதவ் கோஷ் தன் ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ நூலில், நவீன நாவல் நிகழ்தகவுக் கணிதத்தோடு கூடப் பிறந்தது என்று வாதிடுகிறார். நடக்கக்கூடியதை மட்டும் கதையாக்கப் பழகியதால் பெருவெள்ளமும் புயலும் நாவலுக்குள் நுழையத் தடுமாறுகின்றன என்கிறார். காப்புறுதியும் அதே கணிதத்தின் பிள்ளை. அப்படியானால் நாவலும் பத்திரமும் ஒருவகையில் பங்காளிகள். எது நடக்கும், எது நடக்காது, நடந்தால் அதன் மதிப்பு என்ன என்று இரண்டுமே கேட்கின்றன. அதே நூலில் கோஷ், வெள்ள ஆபத்துள்ள வீட்டைவிட்டு மாறிவிடலாம் என்று கொல்கத்தாவிலுள்ள தன் அம்மாவிடம் சொன்னதையும், உனக்குப் பைத்தியமா என்பதுபோல் அவர் பார்த்ததையும் எழுதுகிறார். அந்தப் பார்வையை எந்தப் பத்திரமும் விலைபோட முடியாது. நாவலால் முடியும்.

பிராகில் காஃப்கா 1908 முதல் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். எந்த ஆலை எந்த ஆபத்து வகுப்பில் வரும், எத்தனை விரல் போனால் என்ன கணக்கு என்பது அவர் அன்றாடம். அவருடைய கதைமாந்தர்கள் அலுவலக வாசல்களில் காத்துக்கிடப்பதை வெறும் தத்துவமாக வாசித்துப் பழகிய நாம், அதில் அந்த மேசையின் வாசனையும் உண்டு என்பதை மறக்கிறோம். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தில் வில்லி லோமன் காப்புறுதிப் பணத்தை நினைத்து உயிரை விடுகிறான்; அவன் அடக்க நாளன்றுதான் வீட்டின் கடைசித் தவணை கட்டி முடிகிறது. ஜெஸ்மின் வார்டின் ‘சால்வேஜ் தி போன்ஸ்’ கத்ரீனாவுக்கு முந்தைய நாட்களை ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் முற்றத்தில் வைத்துச் சொல்கிறது. கிடைத்த பலகையைச் சன்னலில் அடித்துவைப்பதுதான் அவர்களின் காப்புறுதி. வார்ட் அங்கே எதையும் விளக்குவதில்லை. பலகைகளும் அளவில் ஒத்துவராத இடைவெளிகளும் போதும்.

‘இதெல்லாம் தகவல், இதை நாவலில் திணித்தால் பிரசாரமாகிவிடும்’ என்ற மறுப்பு வரும். நியாயமான பயம்தான். காப்புறுதி விழிப்புணர்வுச் சிறுகதைப் போட்டி ஒன்று நடந்தால் முதலில் ஓடப்போவது நான்தான். நான் கேட்பது தலைப்பை அல்ல, பார்வையை. நம் கதைகளில் வெள்ளம் வந்தால் பெரும்பாலும் அது முடிவுக்காக வருகிறது. கிழவியை அடித்துக்கொண்டு போகும், பகையைக் கழுவும், அல்லது கோயில் சிலையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் கதை இருப்பதில்லை. ஆனால் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. சேறு காயும்முன் படம் எடுத்துவைக்க வேண்டும், ரசீதைத் தேட வேண்டும். மகன் மலாய்ப் படிவத்தை நிரப்பும்போது அம்மா பக்கத்திலிருந்து, “அந்தத் தையல் மிஷின் என்னா விலைன்னு போடுவ?” என்று கேட்பாள். அவளுடைய அம்மா தோட்டத்தில் வாங்கிய மிஷின். தேய்மானம் கழித்தால் அதன் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தின் சின்னக் கட்டத்துக்குள் லயமும் தாமானும் முதல்முறையாக நேருக்கு நேர் சந்திக்கின்றன.

தோட்டக் காலத்தில் நமக்கும் ஒருவகைக் காப்புறுதி இருந்தது. மரண சகாய நிதி, சீட்டு, தோட்டம் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தெரிந்த முகங்கள் சேர்ந்து இழப்பைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடுகள். அதிலும் ஏமாற்று உண்டு, சண்டை உண்டு, ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார். இன்று இழப்பைப் பங்கிடுவது முகம் தெரியாத லட்சம் பேர், நடுவில் நமக்குப் புரியாத ஒரு மொழி. இந்த மாற்றத்தின் கதை இன்னும் எழுதப்படவில்லை. தோட்டத்தின் இழப்பை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் துரையின் செக்ரோலை வாசிக்கத் தெரிந்திருந்ததால்தான் அதை எழுத முடிந்தது. பேர் போட்டானா, அரைப்பேர் போட்டானா என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. நம் தலைமுறையின் செக்ரோல் பிஸ்கட் டின்னின் அடியில் கிடக்கிறது. எழுதுவது அப்புறம் இருக்கட்டும். இந்த வாரம் அம்மாவிடம் கேட்டு அதை எடுத்து, தண்ணீர் என்ற சொல் அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.